பத்தொன்பது நாள் பெனால்ட்டி

நெத்திலித்துறைக் கல்லூரியின் கால்பந்து அணியைப் பற்றி ஆறு பாகமாக எடுத்த தொடரில், ஐந்தாம் பாகத்தில், நாற்பத்தோராவது நிமிஷத்தில், பெனால்ட்டி அடிக்கப் பந்தை வைத்துவிட்டு ஐந்தடி பின்னால் போன ஜெனிஸ்டன் அடிக்காமல் அப்படியே நின்றுவிட்டான். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, பத்தொன்பது நாள் நின்றான். அந்தப் பத்தொன்பது நாளும் ஊரில் மீன் ஏலம் நடந்தது, ஒரு கல்யாணம் நடந்தது, கோயில் மணி அடித்தது, ஐஸ் கம்பெனியில் ஐஸ் உடைத்தார்கள், ஒன்றும் நிற்கவில்லை, அவன் மட்டும்தான் நின்றான்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்டவர்கள் வெளியூர்க்காரர்கள். கடலுக்குப் போகிற ஊரில் நடக்காதது என்று ஒன்று கிடையாது, பாத்துக்கிடுங்க. ஊர்க்காரர்கள் கேட்டது வேறு: பய எதுக்கு நிக்கான்? யாருக்காக நிக்கான்? அவனுடைய அக்கா பிளேவியாவுக்கு மூன்றாம் நாளே பதில் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் காரியம் முடிய அத்தனை நாள் பிடித்ததென்றால், அது ஊரின் பிடிவாதம் ஒரு பங்கு, அவளுடைய பிடிவாதம் ஒரு பங்கு.

பிளேவியா கல்லூரி வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். வயது இருபத்தெட்டு. ஊரிலேயே பெரிய தொண்டை அவளுடையது. அவள் கேலரியில் எழுந்து நின்று கத்தினால் எதிரணிக்காரன் பந்தை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்ப்பான். அதனால் ரசிகர் கூட்டத்துக்கு அவள்தான் தலைவி, எந்தத் தேர்தலும் வைக்காமலே.

அந்தத் தொடரை எடுத்தவர்கள் கொச்சியிலிருந்து வந்தவர்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு சீசன் முழுக்க அணியின் பின்னாலேயே கேமராவோடு அலைந்தார்கள், பிறகு ஆளைக் காணோம், படம் பெட்டிக்குள் போய்விட்டது என்று ஊர் மறந்தே போனபோது, இந்த வருஷம் செவ்வாய்க்கிழமைக்கு ஒரு பாகமாக அது வெளிவந்தது. சர்ச்சின் பங்கு மண்டபத்தில் திரை கட்டி ஊரே உட்கார்ந்து பார்த்தது. பார்த்தது என்று சொல்வதைவிடத் திட்டியது என்று சொல்லலாம். "பத்து நிமிஷத்துக்கு ஒருக்க கடலைக் காட்டுதான், நாங்க என்ன கடலைப் பாக்காமலா கிடக்கோம்?" என்று முதல் பாகத்துக்குக் கத்தினார்கள். இரண்டாம் பாகத்தில் கோச் வறுவேல் சார் அழுவது போல வந்தது. அவர் கண்ணில் மைதானத்துக் கோட்டுக்குப் போடுகிற சுண்ணாம்பு விழுந்த அன்றைக்கு எடுத்தது அது என்று ஊருக்கே தெரியும், மண்டபம் சிரித்த சிரிப்பில் சார் எழுந்து வெளியே போய்விட்டார். மூன்றாம் பாகத்தில் ஒரு கோலையும் முழுசாகக் காட்டவில்லை. நான்காம் பாகம் பரவாயில்லை, அதில் எல்லாருடைய வீடும் வந்தது.

ஐந்தாம் பாகம் எதைப் பற்றியது என்று எல்லாருக்கும் தெரியும். யாரும் வாயைத் திறக்கவில்லை. அது பல்கலைக்கழகக் கோப்பையின் இறுதி ஆட்டம்.

இந்த இடத்தில் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நெத்திலித்துறைக்காரர்கள் பெனால்ட்டியைப் பார்க்க மாட்டார்கள். தங்கள் பையன் பெனால்ட்டி அடிக்கப் போகிறான் என்றால், கேலரியில் இருக்கிற அத்தனை பேரும் ஒரே நேரத்தில் திரும்பி மைதானத்துக்கு முதுகைக் காட்டி நிற்பார்கள். கேலரி மட்டுமா, உள்ளே விளையாடுகிற மற்றப் பையன்களும் திரும்புவார்கள், கோச்சும் திரும்புவார். எந்தக் காலத்திலோ ஊரே வைத்த கண் வாங்காமல் பார்த்து நிற்க, அடிக்கப் போன பையனுக்குக் கால் முறிந்ததாம். அன்றிலிருந்து கண் படக்கூடாது என்று இந்த ஏற்பாடு. வலை சரசரத்தால் கோல், ஊர் துள்ளும். வேறு சத்தம் வந்தால் வாயை மூடிக்கொண்டு பஸ் ஏறும். தவறிப்போன பெனால்ட்டியைப் பற்றிக் கேட்கவும் கூடாது, சொல்லவும் கூடாது, பேசினால் அடுத்ததும் போகும். திரும்பச் சொல்லி ஊருக்குக் குரல் கொடுக்கிற வேலை பிளேவியாவுக்கு. "திரும்பு!" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் மாவட்ட ஸ்டேடியத்தில், பதினெட்டு பஸ்ஸில் போன ஊர், கடைசி நிமிஷத்தில் அவளுடைய சொந்தத் தம்பி பந்தை வைத்தபோது அந்தச் சத்தத்துக்குத் திரும்பியது. காலில் பந்து பட்ட சத்தம் கேட்டது. அடுத்து ணங் என்று கம்பத்தின் சத்தம். அடுத்து எதிரணியின் கூச்சல். மறுநாள் பேப்பரில் ஒரே வரி, 'வாய்ப்பைத் தவறவிட்டார்' என்று போட்டிருந்தார்கள். முந்தின நாள் எதிரணிக் கோச் ஜெனிஸ்டனைத் தனியாகக் கூப்பிட்டுத் தோளில் கைபோட்டுப் பேசியதை மீன் ஏலக்காரர் ததேயு பார்த்திருந்தார், பார்த்ததைச் சொன்னார், சொன்னது வளர்ந்தது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அங்கே வேலை வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், பயல் வேண்டுமென்றே கம்பத்தில் அடித்துவிட்டான் என்று ஆகிவிட்டது. ஆனால் அதை அவன் முகத்துக்கு நேரே முதலில் கேட்டது ஊர் இல்லை. அன்றைக்கே, ஊர் திரும்புகிற பஸ் படியில் கால் வைத்தவனைப் பிடித்து நிறுத்தி, எல்லார் காதிலும் விழ, பிளேவியாதான் கேட்டாள்.

"லே, வேணும்னா அடிச்ச?"

அவன் கோபப்படவில்லை. "நீ பாத்தியாக்கா?" என்று மட்டும் கேட்டான்.

மறுநாள் காலையில் மங்களூர் போய்விட்டான். துறைமுகத்தில் ஐஸ் கம்பெனியில் வேலை என்று கேள்வி. மூன்று வருஷமாகப் போன் எடுக்கவில்லை, அம்மா போனைக்கூட எடுக்கவில்லை.

ஆக, ஐந்தாம் பாகம். மண்டபத் திரையில் ஜெனிஸ்டன் பந்தை வைத்தான். கோலுக்குப் பின்னாலிருந்து எடுத்த படம். கோலைக் காக்கிற எதிரணிக் கோலியின் முதுகு பக்கத்தில், அதைத் தாண்டி அவன் முகம், அவனுக்குப் பின்னால் கேலரி முழுக்க ஊர். பிளேவியாவுக்குப் பழக்கதோஷம், "திரும்பு!" என்றாள். திரையில் ஊர் திரும்பியது, மண்டபத்திலும் ஊர் திரும்பியது, நாற்காலிகள் கிரீச்சிட்டன. சத்தத்துக்குக் காத்திருந்தார்கள். சத்தம் வரவில்லை. காத்திருந்தார்கள். கேலரியின் இரைச்சல் கேட்டது, காற்று கேட்டது, பந்து மட்டும் கேட்கவில்லை. வேற்றூர்க்காரரான பங்குச்சாமியார்தான் திரையைப் பார்த்துச் சொன்னார்: "நிக்கிறாம்பா. சும்மா நிக்கிறான்."

அன்றிலிருந்து நெத்திலித்துறை டிவிக்கு முதுகைக் காட்டி வாழ்ந்தது. எந்த வீட்டில், எந்தப் போனில் போட்டாலும் அவன் அங்கேயே நின்றான். நாகர்கோவில் பஸ் ஸ்டாண்டில் வேற்றூர்க்காரன் போனில் அந்தப் பாகம் தங்குதடையில்லாமல் ஓடியது. பக்கத்தில் உட்கார்ந்த நெத்திலித்துறைக்காரன் போனில் நின்றது. பெனால்ட்டி முடியாததால் பார்க்க முடியாது. ஒரு பிள்ளை அடிக்க நிற்கும்போது டிவியை அணைப்பதும் மரியாதை இல்லை. அதனால் நாற்காலிகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். சீரியல் பார்க்கிற பெண்கள் பக்கத்து ஊருக்கு நடந்தார்கள். சலூன்காரருக்குத்தான் சங்கடம், டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் எதிரே கண்ணாடியில் அவன் தெரிந்தான். கண்ணாடியில் பார்த்தால் கண் படுமா படாதா என்று இரண்டு நாள் வாக்குவாதம் நடந்து, கடைசியில் கண்ணாடிக்குத் துண்டு போட்டார்கள், அந்த வாரம் சவரம் செய்தவன் முகமெல்லாம் வெட்டு. எட்டாம் நாள் எதிரணிக் கோலி கால் கடுத்துக் கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான் என்று சாமியார் சொன்னார். "பாவம், அவனும் ஒருத்தி பெத்த பிள்ளைதானே" என்று ஊர் இரங்கியது. அவன் தும்மினது கேட்டால் எல்லா வீட்டிலும் "நூறு" என்று சொன்னார்கள். ஆறாம் பாகம் வந்தது, யாரும் தொடவில்லை. ஐந்தை முடிக்காமல் ஆறுக்குப் போவது ஆளை நடுவழியில் இறக்கிவிட்டு பஸ்ஸை எடுப்பது மாதிரி.

திரும்பி உட்காராதவள் ஒருத்திதான், அவனைப் பெற்ற செலின். முதல் நாளே நாற்காலியை டிவிக்கு நேராகப் போட்டாள். சோற்றையும் மீன்குழம்பையும் தட்டில் வைத்து டிவிக்கு முன்னால் வைத்தாள், தானும் ஒரு தட்டில் போட்டுக்கொண்டாள். "மூணு வருஷம் கழிச்சுப் பிள்ளை வீட்டுல நிக்கான், நான் எதுக்கு முதுகைக் காட்டணும்? உங்க கோப்பையைக் கொண்டுபோய்க் கடல்ல போடுங்க" என்றாள்.

மூன்றாம் நாள் வியாழக்கிழமை, கடையை அடைத்துவிட்டு வந்த பிளேவியா, அம்மாவின் தட்டை எடுக்கக் குனிந்தவள், அவன் தலைக்கு மேலே பின்னால் இருந்த கேலரியைப் பார்த்துவிட்டாள். மூன்றாவது வரிசையில், அத்தனை முதுகுக்கு நடுவில், நீலச் சேலையில் ஒரே ஒரு முகம். அம்மாவின் முகம்.

அவள் உட்கார்ந்துவிட்டாள். நீ பாத்தியாக்கா என்று கேட்டவன், பார்க்கிறவரை அடிக்கப் போவதில்லை. இங்கே அம்மா பார்த்தாள், அங்கே அம்மாவின் முதுகு முகமாகிவிட்டது. மற்றவர்களும் பார்த்தால் மற்றவர்களும் திரும்புவார்கள். "எம்மா, எல்லாரையும் பாக்க வைக்கப் போறேன்" என்றாள்.

செலின் வெடுக்கென்று திரும்பினாள். "வேண்டாம் பிள்ளே. அடிச்சா போயிருவான்."

"அடிக்காம வரமாட்டாம்மா."

செலின் மறுபடியும் டிவி பக்கம் திரும்பிக்கொண்டாள். அவனைப் பார்த்தபடியே, "அப்போ சீக்கிரம் செய்யி, பிள்ளைக்கு உதடு காயுது" என்றாள்.

சென்னையிலிருந்து சித்தி போன் செய்தாள். "எங்களுக்கு எல்லாம் ஓடிச்சே பிளேவியா, அவன் அடிச்சான், அந்த பந்து..." பிளேவியா வெட்டினாள். "சொல்லாத சித்தி. காதால கேட்டே மூணு வருஷம் போச்சு. இனி கண்ணால பாத்துதான் மறுவேலை."

அவள் செய்தது என்னவென்றால், படத்தைப் போனில் எடுத்து, மைதானத்தை வெட்டிவிட்டு, கேலரியை மட்டும் பதினாறு பெரிய தாளில் பிரிண்ட் போட்டு, கடைச் சுவரில் ஒட்டினாள். எண்ணூற்று நாற்பது முதுகு. வந்து உங்க முதுகைக் கண்டுபிடிச்சுப் பேரெழுதுங்க என்றாள். தன் முதுகைத் தானே கண்டுபிடிப்பது லேசான காரியம் இல்லை, பாத்துக்கிடுங்க. ஆண்கள் விழித்தார்கள். பொண்டாட்டிமார் வந்து, "இதுதான் உங்க முதுகு, நான் எத்தனை வருஷமாப் பாக்கேன், எனக்குத் தெரியாதா?" என்று விரலை வைத்தார்கள். இரண்டு பேர் ஒரே முதுகுக்குச் சண்டை போட்டார்கள். அதற்குள் மூன்று முதுகு தானாகவே முகமாகிவிட்டிருந்தது, யார் என்று பார்த்தால், இந்த மூன்று வருஷத்தில் செத்துப்போனவர்கள். அவர்களுக்கு இனி என்ன பயம்?

பேரெழுதினவர்கள் எல்லாம் உடனே பார்த்துவிடவில்லை. இருபதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, மூன்று வருஷம் கழித்து, அணி மறுபடியும் இறுதி ஆட்டம் ஆடப் போகிறது. இந்த நேரத்தில் வழக்கத்தை உடைப்பதா? பிளேவியா வீடு வீடாக ஏறினாள். காலையில் கடற்கரை, மத்தியானம் வலை பின்னுகிற கொட்டகை, சாயங்காலம் தெரு. கல்யாண வீட்டில் பந்தியில் போய் நின்று கேட்டாள், மாப்பிள்ளை தாலி கட்டின கையோடு வந்து பார்த்தான். "கண்ணு பட்டுத் தோத்தது ஒரு தடவை. கண்ணு படாம தோத்தது பதினோரு தடவை. கணக்குத் தெரிஞ்சவங்க சொல்லுங்க" என்றாள். திட்டினார்கள். மறுநாளும் போனாள். துபாயில் இருப்பவனை வீடியோ காலில் பிடித்தாள். ஆட்டத்தில் ஆடின பத்துப் பையன்களும் ஒருத்தனை ஒருத்தன் பிடித்துக்கொண்டு ஒன்றாகத் திரும்பினார்கள், திரும்பினவர்கள் அவன் முகத்தைப் பார்த்து அழுதார்கள். கோச் வறுவேல் சார் இந்தத் தடவை சுண்ணாம்பு இல்லாமலே அழுதார். நூறு முகம், முந்நூறு முகம், அறுநூறு. சாயங்காலம் தோறும் வீட்டுக்கு வந்து, டிவியில் அவன் தலைக்கு மேலே கேலரியைப் பார்த்து எண்ணுவாள், தாளில் பேரை அடிப்பாள், தூங்கப் போவாள்.

பத்தொன்பதாம் நாள் சனிக்கிழமை காலையில் இரண்டே முதுகுதான் மிச்சம். ஒன்று ததேயு. இன்னொன்று தூண் மறைவில் பாதிதான் தெரிந்தது. யாரோ ஒளிந்து திரிகிறவன், ததேயு வழிக்கு வந்தால் அவனும் வருவான் என்று நினைத்தாள்.

ததேயு ஏலக்களத்தில் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அறுபத்தோரு வயது, யார் சொல்லையும் கேட்டுப் பழக்கமில்லாத மனுஷன். "கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது. உங்கப்பன் இருந்தா உன் காலை ஒடிச்சிருப்பான்" என்றார்.

"ஒடிக்கட்டும் மாமா. நீங்க அன்னைக்கு அந்தக் கோச் பேசினதைப் பாத்தீங்க. என்ன பேசினாருன்னு கேட்டுச்சா?"

"கேக்கலை. தூரத்துல நின்னேன்."

"அடிச்சதை நான் கேட்டேன். பாக்கலை. நீங்க பாத்ததையும் நான் கேட்டதையும் சேத்துவச்சு ஒரு பிள்ளையை ஊரைவிட்டு விரட்டிட்டோம். உங்களைக் குத்தம் சொல்ல வரலை மாமா. முதல்ல வாயைத் திறந்தவ நான்தான். எனக்காக வாங்க."

ததேயு துண்டை உதறினார். எதிரே கிடந்த சாளை மீனைப் பார்த்தார். "அவன் வேணும்னு அடிச்சது தெரிஞ்சா?"

அதுதான் பிளேவியாவின் வயிற்றில் மூன்று வருஷமாகக் கிடந்த கல். "தெரிஞ்சா தெரியட்டும். அப்பவும் எந்தம்பிதானே" என்றாள்.

சாயங்காலம் நாலரை மணிக்கு மண்டபம் நிரம்பியது. நெத்திலித்துறை தன் சரித்திரத்தில் முதல் தடவையாக ஒரு பெனால்ட்டிக்கு முகத்தைக் காட்டி உட்கார்ந்தது. ததேயு கடைசியாக வந்தார், வாசலில் செருப்பைக் கழற்றினார், சிலுவை போட்டுக்கொண்டார், நிமிர்ந்து பார்த்தார். திரையில் நடுவரிசையில் ஒரு முதுகு மெல்லத் திரும்பி ததேயுவானது.

ஜெனிஸ்டன் அடிக்கவில்லை.

பெரிய திரையில் இப்போது தூண் ஓரம் தெளிவாகத் தெரிந்தது. பச்சைச் சட்டை. வலது கை மேலே தூக்கியிருந்தது. ஊரைத் திருப்புகிறவளின் கை.

"அது நான்" என்றாள் பிளேவியா. "நான்தான் பதினாறு நாளா பாத்துக்கிட்டே இருக்கேனே!"

முன்வரிசையிலிருந்து செலின் எழுந்து வந்தாள், மகளின் தாடையைப் பிடித்தாள். "நீ எங்கடி பாத்தே? வந்ததும் அவன் தலைக்கு மேலதான பாப்பே. முதுகை எண்ணுவே, போயிருவே. ஒரு நாளாவது பிள்ளை முகத்தைப் பாத்தியா?"

பார்க்கவில்லை. ஊரை எல்லாம் பார்க்க வைத்தவள் பார்க்கவில்லை. பயம், அவ்வளவுதான், வேறென்ன. வேண்டுமென்றே செய்தவனின் முகம் அங்கே இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். அதைவிடப் பெரிய பயம், செய்யாதவனின் முகம் இருந்துவிட்டால் என்ன செய்வது என்பது.

பிளேவியா கண்ணைக் கீழே இறக்கினாள். பத்தொன்பது நாள் வெயிலில் நின்ற இருபது வயது முகம். உதடு வெடித்திருந்தது. இடது புருவத்தில் அந்தத் தழும்பு, சின்னதில் அவள் கம்பால் எறிந்து உண்டானது. அவன் யார் மேலும் கோபமாக இல்லை. கோல் அடிக்க வேண்டும் என்று நினைக்கிற ஒரு பையன் எப்படி இருப்பானோ அப்படி இருந்தான். அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே, ஊரிலேயே பெரிய அந்தத் தொண்டையைத் திறந்தாள்.

"அடிலே மக்கா!"

தூண் ஓரத்துப் பச்சைச் சட்டை திரும்பியது. நடுவர் வாயிலிருந்த விசிலை ஊதினார். எதிரணிக் கோலி எழுந்து பின்புறத்து மண்ணைத் தட்டிவிட்டான். ஜெனிஸ்டன் ஓடிவந்தான், ஒரு அடி, இரண்டு அடி, ஐந்து அடி, இடது காலை ஊன்றி வலது காலால் அடித்தான், வஞ்சகமில்லாத அடி, மேல் மூலைக்கு நேராக, அதைவிட நல்ல பெனால்ட்டியை அந்த ஊர் அடித்ததில்லை, அடித்திருந்தாலும் பார்த்ததில்லை; பந்து போகிற போக்கில் அந்தக் கோலி, அவர்கள் நூறு நூறு என்று வாழ்த்தின அதே பயல், எங்கிருந்துதான் வந்ததோ அந்தத் தாவல், பறந்தான், இரண்டு விரல் நுனி பட்டது, இரண்டே விரல், பந்து ஒரு சாண் விலகி, ணங்.

மண்டபத்தில் முதலில் ததேயு எழுந்து நின்றார்.

"அடேயப்பா! என்னா தடு தடுத்தான்!"

அவ்வளவுதான் விஷயம். ஒருத்தன் நன்றாக அடித்தான், ஒருத்தன் நன்றாகத் தடுத்தான். மூன்று வருஷமாக ஊர் சுமந்தது இதைத்தான். யாரோ கைதட்டினார்கள், பிறகு எல்லாரும் தட்டினார்கள், தட்டிக்கொண்டே அழுதார்கள். திரையில் தலையில் கைவைத்து மண்டியிட்ட ஜெனிஸ்டன், நிமிர்ந்து கேலரியைத் திரும்பிப் பார்த்தான். எண்ணூற்று நாற்பது முகமும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தன. படம் நகர்ந்தது, பேர்கள் ஓடின, ஐந்தாம் பாகம் முடிந்தது.

நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருக்கும்போதே பிளேவியாவின் போன் அடித்தது. மங்களூர் நம்பர்.

"எக்கா." குரல் தடித்திருந்தது, ஆனால் அவன்தான். "மூணு வாரமா என் வலது கால் மரத்துப்போய்க் கிடந்துது. டாக்டருக்கே பிடிபடலை. இப்போ, நாலரைக்கு மேல, சுள்ளுனு ரத்தம் ஓடுது." பின்னால் ஐஸ் உடைக்கிற சத்தம் கேட்டது. "நீ பாத்தியாக்கா?"

"பாத்தேன் மக்கா. எல்லாரும் பாத்தோம். நான் கேட்டிருக்கக் கூடாதுலே, என்னை மன்னிச்சிரு." மூக்கை உறிஞ்சினாள். அவள் ரசிகர்களின் தலைவி, அதோடு விட முடியுமா? "ஆனா ஒரு சாண் உள்ள தள்ளி அடிச்சிருந்தா அவன் அப்பன் வந்தாலும் எட்டியிருக்காது."

அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டது. மூன்று வருஷத்துச் சிரிப்பு, நிற்கவே இல்லை.

"நாளைக்கு ஃபைனல்" என்றாள். "பெனால்ட்டி விழுந்தா நான் திரும்புன்னு கத்தப் போறதில்லை. பாருன்னு கத்தப் போறேன். நீ வந்து எம்பக்கத்துல நில்லு."

செலின் வீட்டுக்கு நடந்துவிட்டிருந்தாள். பிளேவியா ஓடிப்போய்ச் சேர்ந்தபோது, டிவிக்கு முன்னாலிருந்த தட்டைக் கழுவித் துடைத்து, அடுப்படியில் தன் தட்டுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்தாள்.

"வண்டி எத்தனை மணிக்கு வருதாம்?" என்று கேட்டாள்.